வீட்டில் அரைத்த சலவைத்தூள்: மூன்று மாதம் ஆச்சு, துண்டெல்லாம் அட்டை மாதிரி நிற்கிறது

கொடிக்கயிறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் விளையாடிவிட்டு வந்து ஒரே நாளில் மூன்று உடுப்பு மாற்றுகிற வயது. வாரத்துக்கு எட்டுத் தடவை மெஷின் ஓடுகிறது. சலவைத்தூளுக்கு மாதாமாதம் போகிற தொகையைப் பார்த்து ஒரு நாள் எரிச்சல் வந்து, இதை நாமே செய்தால் என்ன என்று இறங்கினேன். செய்முறை சுலபம்தான்: சலவை சோப்புக் கட்டியைத் துருவி ஒரு பங்கு, வாஷிங் சோடா இரண்டு பங்கு, மிக்சியில் ஒரு சுற்று, டப்பாவில் அடைத்தாயிற்று. வெங்காரம் என்கிற போராக்ஸும் ஒரு பங்கு போடச் சொல்லியிருந்தார்கள், எனக்குக் கிடைக்கவில்லை, விட்டுவிட்டேன். ஒரு தடவைக்கு இரண்டு மேசைக்கரண்டி.

முதல் மாதம் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் செய்முறை அனுப்பினேன். இரண்டாவது மாதம் வெள்ளைச் சட்டை கொஞ்சம் மங்கல். இப்போது மூன்றாவது மாதம், துண்டை மடித்து வைத்தால் தானாக நிற்கிறது, துடைத்தால் தண்ணீரை உறிஞ்சாமல் உடம்பு மேல் தள்ளிக்கொண்டு போகிறது. காய்ந்த சட்டையில் வாசனை ஒன்றும் இல்லை, ஆனால் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் வியர்த்தால் பழைய வாடை திரும்பி வந்துவிடுகிறது. அளவில் தப்பா, சோப்பில் தப்பா, இல்லை இந்த வேலையே தப்பா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


ஈரத்துணி எழுதியது:

அண்ணா, எனக்கும் இதே கதைதான், நான் ஆறு மாதத்தில் கைவிட்டேன். கடைசித் தண்ணீரில் அரை கப் வினிகர் ஊற்றிப் பாருங்கள், துண்டு கொஞ்சம் மிருதுவாகும். அதோடு தூளில் சமையல் சோடாவும் சேர்த்தால் வாடை போகும் என்று படித்தேன், முயன்று பார்க்கவில்லை.


பழைய வாத்தி எழுதியது:

கொடிக்கயிறு, தப்பு உங்கள் கையில் இல்லை, குழாயில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், வேதியியல் நடத்திப் பழகிய வாய்.

நாம் பேச்சில் எல்லாவற்றையும் சோப்புத்தூள் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் கடையில் வாங்குவது டிடர்ஜென்ட், நீங்கள் அரைத்தது நிஜமான சோப்பு. இரண்டும் அழுக்கை எடுக்கும் விதம் ஒன்றுதான், ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். வித்தியாசம் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் இருக்கும்போதுதான் தெரியும். அவற்றைக் கண்டால் சோப்பு, அழுக்கை விட்டுவிட்டு அவற்றோடு சேர்ந்து, கரையாத தயிர் மாதிரி ஒரு பிசுக்காகத் திரிந்துவிடும். குளியலறைச் சுவரில் சாம்பல் நிறத்தில் படிகிறதே, அதே சரக்கு. அதுதான் இப்போது உங்கள் துண்டின் ஒவ்வொரு நூலிலும் மெழுகு பூசியதுபோல உட்கார்ந்திருக்கிறது. மெழுகுத்துணி தண்ணீரை எங்கே உறிஞ்சும்? வியர்வையின் கொழுப்பும் அதில் வாழ்கிற கிருமியும் அந்தப் பூச்சுக்குள் பத்திரமாக இருப்பதால்தான் உடம்புச் சூடு பட்டதும் வாடை எழுந்து வருகிறது.

கணக்காகவே பாருங்கள். தண்ணீரில் கரைந்த கால்சியமும் மக்னீசியமும் சுண்ணாம்புக் கணக்கில் லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் போனாலே மிகவும் கடினமான நீர் என்பார்கள். 300 என்று வைத்துக்கொள்வோம், ஆழ்துளைக் கிணற்று நீரில் இது அபூர்வமில்லை. 40 லிட்டர் தண்ணீர் பிடிக்கிற மெஷினில் அது 12 கிராம் சுண்ணாம்புக்குச் சமம். அந்த 12 கிராம், சோப்பின் வகையைப் பொறுத்து 50 முதல் 70 கிராம் சோப்பை விழுங்கிவிடும். நீங்கள் போடுகிற இரண்டு கரண்டித் தூளில் சோப்பு மொத்தமே பத்துப் பதினோரு கிராம்தான் இருக்கும்.

சோடா எதற்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. வாஷிங் சோடா கால்சியத்தைப் பிடித்துச் சுண்ணாம்புத் தூளாக வீழ்த்தி சோப்பைக் காப்பாற்றும், 12 கிராமுக்கு ஏறக்குறைய 13 கிராம் சோடா போதும், உங்கள் கலவையில் அதைவிட அதிகமாகவே இருக்கிறது. ஆனால் குளிர்ந்த நீரில் அந்த வேலை மெதுவாக நடக்கும், சோப்பு திரிவதோ உடனே நடக்கும், இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் சோடா வருவதற்குள் சோப்பு காலி. வீழ்ந்த சுண்ணாம்புத் தூளிலும் ஒரு பகுதி துணியிலேயே தங்கி அதைச் சொரசொரப்பாக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: துவைக்கிற தண்ணீருக்கு சோடா போட்டீர்கள், சரி, அலசுகிற தண்ணீருக்கு யார் போடுவது? துணியில் மிச்சமிருக்கும் சோப்பு, அலசும்போது வருகிற புதுக் கடின நீரைச் சந்தித்து அங்கேயே திரிகிறது. உங்கள் துண்டில் படிந்ததில் பெரும்பங்கு இப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

ஒரு சோதனை செய்யுங்கள். மூடியுள்ள பாட்டிலில் பாதி குழாய்த் தண்ணீர், துருவிய சோப்பு ஒரு சிட்டிகை, சோடா வேண்டாம். நன்றாகக் குலுக்குங்கள். நுரை தளும்பி, தண்ணீர் ஓரளவு தெளிவாக நின்றால் உங்களுக்கு மென்னீர். நுரை சீக்கிரம் அடங்கி, பால் கலந்ததுபோல் கலங்கித் திப்பித்திப்பியாக மிதந்தால் விஷயம் புரிந்துவிடும்.


கொடிக்கயிறு எழுதியது:

சார், குலுக்கினேன். திப்பி. நுரை என்பதே பேருக்குத்தான் வந்தது. வடிகட்டிய குடிநீரில் அதே சோப்பைப் போட்டுக் குலுக்கினால் பாட்டிலே நுரையாகிவிட்டது. சோப்பைக் குறை சொல்லி அடுத்த பிராண்டுக்கு மாற இருந்தேன்.


கஞ்சப்பிசினாறி எழுதியது:

ஒரு நிமிஷம். எல்லோரும் சேர்ந்து வீட்டுத்தூளுக்குப் பால் ஊற்றிவிடாதீர்கள். நான் நாலு வருஷமாக இதே கலவையில்தான் துவைக்கிறேன், துண்டு இன்னும் துண்டாகத்தான் இருக்கிறது. எங்களுக்கு வருவது ஏரித் தண்ணீர், நாக்கில் வைத்தாலே தெரியும், உப்பு கிடையாது. ஆனால் மூன்று விஷயத்தில் நான் கறார். முதலில் சோடாவை மட்டும் போட்டு ஐந்து நிமிடம் மெஷினை ஓடவிடுவேன், அப்புறம்தான் சோப்பு. சோப்பைத் தூளாகப் போடாமல் கொதிக்கிற தண்ணீரில் கரைத்து ஊற்றுவேன், இல்லாவிட்டால் கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டு நிச்சயம். மூன்றாவது, கட்டியின் உறையைப் படிப்பேன். சோடியம் பாமேட், சோடியம் கோக்கோயேட் என்று இருந்தால் அது எண்ணெயிலிருந்து செய்த சோப்பு. ஆல்கைல் பென்சீன் சல்ஃபோனேட் என்று இருந்தால் அது டிடர்ஜென்ட் பார், கல் மாதிரி கனப்பதற்கு நிறைய நிரப்புப் பொருள் போட்டிருப்பார்கள். பலர் இந்த பாரைத் துருவி "இயற்கைச் சலவைத்தூள்" என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள். கடைத்தூளைக் கல்லாக்கி விற்றதை வாங்கி, மறுபடி தூளாக்குகிற புண்ணியம்!


ஸ்பேனர் எழுதியது:

வாஷிங் மெஷின் பழுது பார்ப்பதுதான் தொழில். உள்ளே பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வீட்டு சோப்பு போடுகிற மெஷினைப் பிரித்தால், வெளி டிரம்முக்கும் உள் டிரம்முக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் மெழுகு மாதிரி அப்பியிருக்கும். நகத்தால் சுரண்டினால் சுருண்டு வரும். தண்ணீர் வெளியேறும் குழாயிலும் அதேதான். முன்கதவு மெஷின் என்றால் கதவு ரப்பர் மடிப்பில் இதோடு கறுப்புப் பூஞ்சை சேர்ந்து நாறும். அந்த மெஷினுக்குத் தண்ணீர் குறைவாகத்தான் பிடிக்கும், அதனால் சோப்பை அலசித் தள்ளவும் வழியில்லை.

ஆனால் கடைத்தூள் போடுகிறவர்கள் மெஷினும் சுத்தமாக இல்லை. அங்கே வேறு வியாதி: அளவு. டப்பாவில் இருக்கும் மூடி நிறைய ஊற்றுகிறார்கள். மூடிக்குள் ஒரு கோடு இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. கரையாத தூள் தட்டிலேயே கெட்டியாகி உளி வைத்து எடுத்திருக்கிறேன். நுரை அதிகமானால் துணி ஒன்றோடொன்று உரசாது, நுரை மெத்தையில் மிதக்கும், அழுக்கு போகாது. நுரை வந்தால்தான் வெளுக்கும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ!

மாதம் ஒரு தடவை துணி இல்லாமல் அதிகபட்சச் சூட்டில் வெறுமனே ஓட்டுங்கள். வேலை முடிந்ததும் கதவைத் திறந்து வையுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் உள்ளே ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


ஈரத்துணி எழுதியது:

வாத்தி சார், சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்துப் போடுவது பற்றிச் சொல்லவில்லையே? பொங்கிப் பொங்கி அழுக்கை வெளியே தள்ளுகிறது என்கிறார்களே.


பழைய வாத்தி எழுதியது:

பொங்குவது பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். ஒன்று காரம், ஒன்று அமிலம், இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிடும். மிச்சம் கரியமில வாயு, தண்ணீர், சோடியம் அசிட்டேட் என்ற ஓர் உப்பு. தனித்தனியாக இரண்டுக்கும் வேலை உண்டு, சேர்த்தால் இரண்டும் வீண். சோப்புத் தண்ணீரிலும் வினிகரை ஊற்றாதீர்கள், சோப்பு உடைந்து பழைய கொழுப்பு அமிலமாகத் திரும்பித் துணியில் ஒட்டும். கடைசி அலசலில் கொஞ்சம் என்றால் பரவாயில்லை, அதையும் தினமும் செய்தால் மெஷின் ரப்பருக்கு நல்லதில்லை என்று ஸ்பேனர் சொல்வார்.

இதைவிட முக்கியமான ஒன்று. வினிகரோ சிட்ரிக் ஆசிடோ, எந்த அமிலமாக இருந்தாலும் குளோரின் ப்ளீச்சோடு சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது விளையாட்டில்லை. அமோனியா கலந்த திரவத்தோடு ப்ளீச் சேர்ந்தாலும் விஷ வாயுதான்.

சமையல் சோடா வேறு, வாஷிங் சோடா வேறு, இதையும் சொல்லிவிடுகிறேன். சமையல் சோடாவின் காரத்தன்மை (pH அளவு) 8 சொச்சம், வாஷிங் சோடாவுடையது 11ஐ ஒட்டி. முதலாவது வாடையைக் கொஞ்சம் குறைக்கும், எண்ணெய்ப் பிசுக்கை அசைக்காது. வாஷிங் சோடா கிடைக்காத இடத்தில் இருப்பவர்கள் சமையல் சோடாவை அகலத் தட்டில் பரப்பி 200 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வைத்தால் அது நீரையும் கரியமில வாயுவையும் விட்டுவிட்டு வாஷிங் சோடாவாக மாறிவிடும், 200 கிராம் போட்டால் 126 கிராம் வரும். எடை குறைந்ததை வைத்தே வேலை முடிந்ததா என்று கண்டுபிடிக்கலாம். அலுமினியத் தட்டு மட்டும் வேண்டாம்.


சலவைக்கல் எழுதியது:

சோப்பைத் துருவுவதை எல்லாம் விடுங்கள், நான் நேரடியாக டிடர்ஜென்டே செய்து பார்த்தவன். அந்தக் கதையைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆசிட் சிலரி என்று ஒரு கரும்பழுப்புக் குழம்பு கேனில் கிடைக்கும், டிடர்ஜென்டுக்கு உயிர் அதுதான். அதை சோடா ஆஷ் (அதுவும் வாஷிங் சோடா வகைதான்) மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசறினால் சூடு ஏறும், வாயு பொங்கும், தூள் உப்பி வரும். வீடியோவில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நிஜத்தில் நான் ஒரே இடத்தில் அதிகமாக ஊற்றிவிட்டேன், அங்கே களிமண் உருண்டை மாதிரி கட்டி, மற்ற இடத்தில் வெறும் சோடா. கையுறை போட்டிருந்தேன், முகமூடி போடவில்லை. அந்தத் தூசி மூக்கில் ஏறி ஒரு நாள் முழுக்கத் தும்மினேன். அந்தத் தூளில் துவைத்தால் வெளுத்தது, அதில் குறை சொல்ல மாட்டேன், கடின நீரிலும் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கலவை சீராக இல்லாததால் ஒரு கரண்டி காரம், அடுத்த கரண்டி ஆசிட் என்று மாறி மாறி வந்தது.

அப்புறம் திரவம். எஸ்எல்இஎஸ் என்ற, நுரைத்து அழுக்கெடுக்கும் கெட்டிப் பசையைத் தண்ணீரில் கரைத்து, உப்பு போட்டால் தேன் மாதிரி திரளும். மாயாஜாலம் மாதிரி இருக்கும். இன்னும் கொஞ்சம் கெட்டியானால் நன்றாக இருக்குமே என்று மேலும் உப்பு போட்டேன், சட்டென்று தண்ணீராகிவிட்டது. ஒரு அளவு வரைதான் உப்பு கெட்டியாக்கும், தாண்டினால் நீர்க்கும். இரண்டாவது தடவை சரியாக வந்தது, பெருமையாக இருபது பாட்டில் நிரப்பினேன். மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தால் அழுகல் நாற்றம். தண்ணீர் கலந்த எதுவானாலும் கெடாமல் இருக்க ஒரு பொருள் சேர்க்க வேண்டும், அதைப் பற்றி வீடியோ எடுத்தவர் மூச்சே விடவில்லை. எல்லோரிடமும் போய் பாட்டிலைத் திரும்ப வாங்கியது தனிக் கதை.


இரட்டையர்_அம்மா எழுதியது:

ஆண்கள் எல்லோரும் சோதனைச்சாலை நடத்துகிறீர்கள், வீட்டில் குழந்தைகள் இருப்பவர்களுக்காகச் சில வார்த்தை.

ஒன்று: வீட்டுத் திரவத்தைக் குடிநீர் பாட்டிலிலோ பழச்சாறு பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். என் மூன்று வயதுக்காரன் மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது நான் பார்த்தேன், அன்றோடு வீட்டில் தயாரிப்பு நின்றது. அந்த பாட்டிலில் நீல நிறமும் எலுமிச்சை வாசனையும் வேறு சேர்த்து வைத்திருந்தேன், நானே அதைக் குடிக்கிற பொருளாக்கிவிட்டேன்.

இரண்டு: எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வைத்து சோப்பே செய்வோம் என்று கிளம்புகிறவர்களுக்கு. காஸ்டிக்கைத் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக் மேல் ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். என் மாமியார் அலுமினியப் பாத்திரத்தில் கலக்கி, அது நுரைத்துப் பாத்திரம் கறுத்து, எல்லோரும் வெளியே ஓடினோம். அதிலிருந்து வருவது ஹைட்ரஜன், அடுப்பு பக்கத்தில் எரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகுதான் உறைத்தது. கண்ணைக் காக்கும் கண்ணாடி போடாமல் காஸ்டிக் பக்கம் போகவே போகாதீர்கள். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குக் காஸ்டிக் 180 கிராம் அளவில்தான் வரும், ஒவ்வோர் எண்ணெய்க்கும் அளவு மாறும், கண் அளவில் போட்டால் மிஞ்சிய காஸ்டிக் தோலில்தான் தெரியும்.

மூன்று: போராக்ஸ் கிடைக்கவில்லை என்று கொடிக்கயிறு தம்பி வருத்தப்பட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் அதை இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யக்கூடிய பொருள்களின் வரிசையில் வைத்திருக்கிறது. சலவைத் தண்ணீரைச் செடிக்கு விடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை, போரான் கொஞ்சம் அதிகமானாலே இலை ஓரம் கருகும்.


மரத்தடி எழுதியது:

இவ்வளவு ரசாயனம் எதற்கு? பூந்திக்கொட்டை நாலைந்தை ஒரு துணிப்பையில் கட்டி மெஷினுக்குள் போடுங்கள். முடிந்தது வேலை.


கஞ்சப்பிசினாறி எழுதியது:

மரத்தடி, நானும் போட்டிருக்கிறேன். அதில் இருக்கும் சாப்போனின் நுரைக்கும், மென்மையான துணிக்கு நல்லதுதான். ஆனால் சட்டைக் காலருக்கும் விளையாட்டுக் கால்சட்டைக்கும் அது போதாது. குளிர்ந்த நீரில் பாதிக்கூட இறங்காது, கொதிக்கவைத்துச் சாறு எடுத்தால்தான் பலன், அந்தச் சாறும் இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். கம்பளி, பட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே வாஷிங் சோடா போட்டால் நார் வீணாகும்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

இவ்வளவு பேசிவிட்டோம், பணம் மிச்சமா இல்லையா என்பதை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. கொடிக்கயிறு, நீங்கள் கிலோவுக்குக் கிலோ ஒப்பிட்டிருப்பீர்கள். எல்லோரும் விழுகிற பள்ளம் அதுதான். ஒப்பிட வேண்டியது ஒரு தடவை துவைக்க எவ்வளவு என்பதை.

நான் என் வீட்டில் செய்தது இது. கடைத்தூள் பொட்டலம் பிரித்த தேதியை அதன்மேலேயே எழுதினேன், காலியானதும் எத்தனை தடவை ஓட்டினோம் என்று எண்ணினேன். உறையில் சொன்ன அளவைப் போட்டிருந்தால் வரவேண்டிய எண்ணிக்கையில் பாதிகூட வரவில்லை. அதாவது எங்கள் வீட்டில் இரண்டு மடங்குக்கு மேல் கொட்டிக்கொண்டிருந்தார்கள், கொட்டியது நான்தான் என்பது பிறகு தெரிந்தது. ஒரு பழைய கரண்டியைத் தராசில் வைத்து, உறையில் சொன்ன கிராமுக்கு எங்கே நிற்கிறது என்று பார்த்து, அங்கே கோடு கிழித்தேன். அவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு. செலவு பாதிக்குக் கீழே இறங்கியது. துருவவில்லை, அரைக்கவில்லை.

வீட்டுத்தூள் கணக்கில் நீங்கள் சேர்க்காத செலவுகள்: இரண்டாம் தடவை துவைத்தது, கூடுதலாக அலசிய தண்ணீர், மின்சாரம், சீக்கிரம் தூக்கிப் போடுகிற துண்டு, ஸ்பேனர் மாதிரி ஒருவரை வரவழைக்கிற கூலி. கஞ்சப்பிசினாறிக்கு மென்னீர் இருப்பதால் அவர் கணக்கு நேராகிறது, அதை நான் மறுக்கவில்லை. உங்களுக்கு நேராகாது.


பழைய வாத்தி எழுதியது:

கணக்குப்பிள்ளை சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு. கடைத்தூளில் நாம் வீட்டில் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது: நொதிகள். புரதத்தை அறுக்க ஒன்று, மாவுப்பொருளுக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. 1913லேயே ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவர் விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைச் சலவைக்குப் பயன்படுத்தக் காப்புரிமை வாங்கிவிட்டார். இரத்தக் கறை, பால் கறை, வியர்வை எல்லாவற்றையும் எடுப்பது இவற்றின் வேலை. நொதி இருப்பதால்தான் குளிர்ந்த நீரிலும் ஓரளவு வெளுக்கிறது. அதற்கு நேரம் கொடுக்க வேண்டும், அரை மணி ஊறவைத்தால் குறைவான தூளே நல்ல வேலை செய்யும். ஒரேயடியாகக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் நொதி செத்துவிடும், கறையும் துணியோடு வெந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் ஒன்று, கடைத்தூளில் துணி பளிச்சென்று தெரிவதில் பாதி கண்கட்டு வித்தை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீல ஒளியாக விடுகிற சாயம் ஒன்று அதில் உண்டு, மஞ்சள் அமுங்கி வெள்ளை தூக்கலாகத் தெரியும். வீட்டுத்தூளில் அது இல்லை என்பதால் சுத்தமான துணியும் மங்கலாகத்தான் தோன்றும். கொடிக்கயிறின் சட்டை மங்கலுக்கு இதுவும் ஒரு காரணம், எல்லாப் பழியையும் சோப்பு மேல் போட முடியாது.


கொடிக்கயிறு எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், சும்மா இருக்கவில்லை.

முதலில் துண்டுகளைக் காப்பாற்றினேன். வாத்தி சார் தனிச் செய்தியில் சொன்னபடி, வெந்நீரில் சிட்ரிக் ஆசிட் கொஞ்சம் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி, அப்புறம் இன்னொரு வாளி வெந்நீரில் கடைத்தூளும் வாஷிங் சோடாவும் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டேன். அமிலம் அந்தக் கால்சியத்தைப் பிரித்துவிடுமாம், மிஞ்சுகிற கொழுப்பை டிடர்ஜென்ட் இழுத்துக்கொள்ளுமாம். காலையில் வாளியைப் பார்த்து மனைவி, "இதில்தான் இத்தனை நாள் முகம் துடைத்தோமா?" என்று கேட்டாள். பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. எட்டில் ஆறு துண்டு பிழைத்துக்கொண்டன. இரண்டு தரை துடைக்கப் போய்விட்டன.

அப்புறம் சோதனை. பழைய படுக்கை விரிப்பை நாலாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் எண்ணெய், சேறு, பால் மூன்றையும் ஒரே அளவில் தடவி, ஒரு நாள் காயவிட்டு, நாலு வாளி. என் தூளும் குழாய்த் தண்ணீரும்: சேறு போனது, எண்ணெய் வட்டம் அப்படியே, பால் இருந்த இடம் மஞ்சள். என் தூளும் வடிகட்டிய குடிநீரும்: எண்ணெய்கூடப் போய்விட்டது, பால் மட்டும் லேசாகத் தெரிந்தது. மூன்றாவது, கடைத்தூள் உறையில் சொன்ன அளவு. நாலாவது, அதில் பாதி அளவு, கூடவே வாஷிங் சோடா ஒரு தேக்கரண்டி, அரை மணி ஊறல். கடைசி இரண்டையும் எது எது என்று சொல்லாமல் வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன், ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சின்னவன் மட்டும் நாலாவதுதான் நல்ல வெள்ளை என்றான், அவனுக்கு ஐஸ்கிரீம் வேண்டியிருந்தது.

ஆக, இப்போது அந்த நாலாவது முறைதான் ஓடுகிறது. கரண்டியில் கோடு கிழித்தாயிற்று. கணக்குப்பிள்ளை அண்ணா, உங்கள் பேச்சைக் கேட்டுப் பழைய பொட்டலங்களை எண்ணிப் பார்த்தேன், நானும் உங்கள் கட்சிதான், கொட்டிக்கொண்டிருந்தவன் நானேதான். மிச்சமாகிற தொகை, நான் சோப்பு துருவி மிச்சம் பிடித்ததாக நினைத்ததைவிட அதிகம். மூன்று மாதம் மிக்சியைக் கழுவியது வேறு.

ஒரே ஒரு சந்தேகம். இன்னும் மூன்று கிலோ வீட்டுத்தூள் டப்பாவில் இருக்கிறது. என்ன செய்வது?


ஸ்பேனர் எழுதியது:

மெஷினில் மட்டும் போடாதீர்கள்.


இரட்டையர்_அம்மா எழுதியது:

காலர், கை மடிப்பு, சமையலறைத் துடைதுணி, இதையெல்லாம் கையால் தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. டப்பாமேல் பெயர் எழுதி உயரத்தில் வையுங்கள்.


கஞ்சப்பிசினாறி எழுதியது:

தூக்கிப் போடாதீர்கள், வயிறு எரிகிறது. மழைத் தண்ணீரில் கால்சியம் அநேகமாகக் கிடையாது. அதில் போட்டால் உங்கள் தூளும் என் தூள் மாதிரியே வேலை செய்யும், அலசவும் அதே தண்ணீர்தான் இருக்க வேண்டும்.


கொடிக்கயிறு எழுதியது:

மாடியில் நாலு வாளி வைத்தாயிற்று. மேகம்தான் இன்னும் வரவில்லை.